கையால் பாஸ் கிட்டார் பாடி செய்வது: உளி போதுமா, தேக்கு ஆகுமா?

கோபி_பாஸ்காரன்

வணக்கமுங்க. கோபிப் பக்கம் நோம்பிக் கச்சேரிகளிலும் கல்யாண ரிசப்ஷன்களிலும் பாஸ் வாசிக்கிறவன். என் பழைய பாஸின் பாடி (உடல் பகுதி) ஒட்டுப்பலகை, ஒரு மழைக் கச்சேரியில் நனைந்து அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. நெக் (கழுத்து), பிக்கப் (தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்குவது), பிரிட்ஜ் (தந்திகள் பாடியில் முடிகிற இடம்), சாவிகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிர்கிற நீளம்), நாலு தந்தி, நாலு ஸ்க்ரூவில் நெக்கை முடுக்குகிற சாதாரண அமைப்பு. பாடியை மட்டும் நானே செய்துகொள்வதாக இருக்கிறேன். கையில் இருப்பது கை ரம்பம், ஜிக்சா, டிரில்லிங் மெஷின், சில உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, அரைவட்ட அரம். ரூட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடைகிற மெஷின்) இல்லை, வாங்கவும் போவதில்லை.

மரத்துக்கும் செலவில்லை. அப்பிச்சி வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்கு நிலைச்சட்டம், 5-க்கு 3 சைஸ், அட்டாலியில் கிடக்கிறது. சாமில்லில் கொடுத்து இரண்டு அங்குலத்துக்கு அறுத்து, ஒன்றேமுக்காலுக்கு இழைத்து, மூன்று துண்டைப் பக்கவாட்டில் ஒட்டினால் வேண்டிய 13 அங்குல அகலம் தாராளமாக வந்துவிடும். அப்புறம் வடிவத்தை ஜிக்சாவில் வெட்டி, குழிகளை டிரில்லில் துளைத்து உளியால் சீராக்கிவிடலாம் என்பது என் கணக்கு. ரூட்டர் இல்லாமல் இந்தச் சோலியே ஆகாது என்று எங்கள் குழுவில் ஒருத்தர் அடித்துச் சொல்கிறார். ஆகும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாங்க.

சிஎன்சி_பீளமேடு

ஆகாதென்று நான் சொல்ல மாட்டேன் அண்ணா, எதற்கு என்றுதான் கேட்பேன். கதவுக்குப் பூ வேலை போடுகிற சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற வெட்டு மெஷின்) கடை எதில் வேண்டுமானாலும் டிராயிங்கைக் கொடுத்தால் முடிந்தது, கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தால் அப்படி ஒரு கடை. நெக் உட்காரும் குழியை மட்டும் எடுத்துக்கங்க. அகலம் இரண்டரை அங்குலம், ஆழம் 5 நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). பக்கவாட்டில் அரை மில்லி லூஸ் இருந்தாலே நெக் ஆடும், அதன் மறுமுனையில் அந்த ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும், ஓரத்துத் தந்தி ஃபிரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த கம்பி) விட்டு வழிந்து இறங்கும். டிரில்லும் உளியும் வைத்துக்கொண்டு அந்த அளவைப் பிடிப்பேன் என்பது வெறும் வீராப்பு.

கணபதி_பேட்டர்ன்

பீளமேட்டுத் தம்பி, உங்கள் மெஷின் ஊருக்குள் வருவதற்கு முன்பு இங்கே பம்புக்கும் மோட்டாருக்கும் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) யார் செய்து கொடுத்தார்கள்? நான் கணபதியில் அந்தப் பட்டறையில் வளர்ந்தவன். அரை மில்லி என்பது எங்களுக்கு வீராப்பு இல்லை, அன்றாடக் கூலி.

கோபித் தம்பிக்குச் சொல்கிறேன். முதலில் பலகையின் நடுவே ஒரு சென்டர் லைன் போடுங்க, கடைசி வரை அதை அழிக்காதீங்க. நெக்கை அதன்மேல் வைத்து, பிரிட்ஜை அதன் இடத்தில் வைத்து, இரண்டு ஓரத் தந்திகளுக்குப் பதில் இரண்டு தையல் நூலை இழுத்துக் கட்டுங்க. நூலுக்கும் ஃபிரெட் போர்டு விளிம்புக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வருகிற வரை நெக்கை நகர்த்துங்க. வந்த பிறகு நெக்கின் இரண்டு பக்கமும் நேரான ரீப்பர் துண்டுகளை ஒட்டி கிளாம்ப் போடுங்க, குழிக்கு அச்சு அதுதான். கோட்டைப் பென்சிலால் போட வேண்டாம், பென்சில் கோட்டின் தடிமனே உங்கள் அரை மில்லியைத் தின்றுவிடும். கத்தி முனையால் கீறுங்க. கீறலில் உளியின் வாய் தானாகப் போய் உட்காரும்.

ஆழத்துக்கு டிரில் பிட்டில் டேப் சுற்றிக்கங்க. தட்டை பிட்டாக இருந்தால் நடு முள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் பின்பக்கம் ஓட்டை விழும். ஒரு நூல் மிச்சம் வைத்துத் துளைத்துவிட்டு மீதியை உளியால் எடுங்க. கடைசியில் நெக்கின் அடியில் நீலமோ சாக்பீஸோ தடவி, குழிக்குள் அழுத்தி எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் கறை ஒட்டும். அதை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்க. கறை பரவலாக ஒட்டுகிற வரைக்கும் இதே வேலைதான். ஸ்க்ரூ போடாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூடவே எழும்ப வேண்டும்.

இன்னொன்று. அளக்கிற ஸ்கேல் இரவல் கேட்டு எங்கள் மாதிரிப் பட்டறைக்குப் போகாதீங்க. பேட்டர்ன் கடை ஸ்கேல் சுருக்கத்துக்காகக் கூட்டிப் போட்டது. உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று சுருங்கும் என்பதால் அந்த ஸ்கேலில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் பெருத்திருக்கும். அதை வைத்து 34 அங்குலம் அளந்தால் எட்டரை மில்லிக்கு மேல் பிரிட்ஜ் பின்னால் தள்ளிப்போகும், அப்புறம் சேடிலை (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) எவ்வளவு முன்னால் முடுக்கினாலும் சுருதி சேராது.

சிஎன்சி_பீளமேடு

அண்ணா, நீங்கள் பட்டறையிலேயே வளர்ந்தவர். கேட்கிறவர் பாஸ் வாசிக்கிறவர். உங்கள் கையை அவருக்குக் கழற்றிக் கொடுக்க முடியாதுங்களே. சரி, ஒரு கை ரூட்டராவது வாங்கச் சொல்லலாமே?

கணபதி_பேட்டர்ன்

பழகாத கையில் ரூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? பாடியின் கொம்பு நுனியில், மரத்தின் நார் குறுக்கே திரும்புகிற இடத்தில், பிட் நாரைக் கவ்வி ஒரு கைப்பிடி அளவுக்குப் பிளந்து வீசும். அரத்தால் ராவினால் அந்த வெசனமே இல்லை, ராவின தூள்தான் கொட்டும். ஜிக்சாவுக்கும் ஒரு எச்சரிக்கை: இத்தனை தடிமனில் வளைவு வரும்போது பிளேடு அடியில் சாய்ந்துகொண்டு போகும். மேலே கோட்டில் போகிற மாதிரி இருக்கும், கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே தின்றிருக்கும். கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டே வெட்டி, மிச்சத்தை அரத்துக்கு விடுங்க.

பலாமரத்தான்

உளியா மெஷினா என்று ஓரியாட்டம் போடுகிறீர்கள், மரத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தவிலும் மிருதங்கமும் தஞ்சாவூர் வீணையும் ஏன் பலாவில் செய்கிறார்கள்? நாதம் அதில் இருக்கிறது. ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பிலேயே வைரம் பாய்ந்த பலா நிற்கிறது. நிலைச்சட்டத் தேக்கு வீட்டுக் கதவைத் தாங்குவதற்கு. அதில் எண்ணெய்ப் பசை வேறு, ஒட்டும்போது பசை பிடிக்காது. பலாவுக்கு மாறுங்க.

சிஎன்சி_பீளமேடு

தவிலிலும் வீணையிலும் மரம் குடைந்த கூடு, உள்ளே காற்று அதிர்ந்துதான் சத்தம் வருகிறது. இது கெட்டிப் பலகை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள், அதன்மேல் இரும்புத் தந்தி ஆடும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அடியில் பலாவா பனையா என்று காந்தத்துக்குத் தெரியாது. அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நாலுக்கு நாலு பைன் கட்டையில் தந்தியைக் கட்டி வாசித்தார். டேன்எலெக்ட்ரோ கம்பெனி 1950களில் மேசனைட் என்ற அழுத்தின மரநார் அட்டையை மரச் சட்டத்தில் ஒட்டியே விற்றது. ஸ்டைன்பெர்கர் பாஸில் மரமே கிடையாது, கார்பன் நாரும் எப்பாக்ஸியும்தான். 1951-இல் ஃபெண்டர் முதல் பிரிசிஷன் பாஸை ஆஷ் மரத்தில் கொண்டுவந்தது, அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே பெரும்பாலும் ஆல்டருக்கு மாறிவிட்டது. நாதத்துக்காக என்றால் ஏன் மாற வேண்டும்?

பலாமரத்தான்

தந்தி அந்தரத்தில் தொங்கவில்லை தம்பி. ஒரு முனை நெக்கில், ஒரு முனை பாடியில். எத்தனையோ பாஸ்களில் ஜி தந்தியில் ஐந்தாவது, ஆறாவது ஃபிரெட் பக்கம் ஒரு ஸ்வரம் மட்டும் மீட்டியதும் செத்துப்போகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? தந்தியின் ஆட்டத்தை மரம் உறிஞ்சிக்கொள்வதால்தானே? உறிஞ்சுகிற மரத்துக்கும் உறிஞ்சாத மரத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றால் உங்கள் காதில்தான் கோளாறு.

சிஎன்சி_பீளமேடு

செத்த ஸ்வரம் உண்மைதான். ஆனால் அதற்குப் பெரும்பங்கு நெக்தான் காரணம், நீளமாக மெல்லிசாக இருப்பதால் அது ஆடுகிறது. தலைப்பகுதியில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டினால் செத்த இடம் வேறு ஃபிரெட்டுக்கு நகர்ந்துவிடும், நீங்களே செய்து பார்க்கலாம். அண்ணாவுக்கு நெக் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மாறப்போவது பாடி மட்டும்.

நாலுதந்தி_திருப்பூர்

இவ்வளவு நேரம் ஆண்கள் நாதம் பேசி முடிப்பீர்கள் என்று காத்திருந்தேன், எடையைப் பற்றி ஒருத்தருக்கும் ரோசனை இல்லை. நான் கச்சேரியில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டு வாசிக்கிறவள். அந்தச் சைஸ் பாடியின் கன அளவு ஐயாயிரம் கன சென்டிமீட்டர் சுமார். தேக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.65 கிராம் வாக்கில் இருக்கும், அப்படியானால் பாடி மட்டுமே மூன்றேகால் கிலோ. நெக், சாவி, பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோ. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நாலு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஒரு கிலோ முதல் பாட்டில் தெரியாது அண்ணா, குத்துப்பாட்டு வரிசை தொடங்கும்போது இடது தோளில் தெரியும். நம் பக்கம் காடு காடாக மலைவேம்பு நட்டுப் பிளைவுட் கம்பெனிக்குப் போடுகிறார்கள், தேக்கைவிட நன்றாகவே லேசு. அதில் செய்யுங்க.

கோபி_பாஸ்காரன்

அக்கா, கணக்குக்கு நன்றி. ஆனால் லேசாக்கினால் தலை கவிழாதா? என் நெக்கில் பெரிய இரும்புச் சாவிகள். நண்பர் ஒருத்தரிடம் லேசான பாடி உள்ள பாஸ் இருக்கிறது, கையை எடுத்தால் தலை தரையைப் பார்த்துப் போகிறது, இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டேதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தோள்வலியே தேவலை. தவிர, தேக்கு சும்மா கிடக்கிறது, மலைவேம்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

நாலுதந்தி_திருப்பூர்

தலை கவிழ்வது எடையால் மட்டும் இல்லை. மேல் கொம்பு நீண்டு, வார் மாட்டுகிற பொத்தான் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக வந்தால் ஓரளவுக்குச் சமனாக நிற்கும். வடிவம் உங்கள் கையில்தானே, கொம்பை நீட்டிக்கங்க. வார் தோல் வாராக, உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தாலும் வழுக்காது.

கணபதி_பேட்டர்ன்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. மலைவேம்பு இப்போது வெட்டினால் ஈரம் சொட்டும். அங்குலத்துக்கு ஒரு வருடம் நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும் என்பது பழைய கணக்கு, பச்சைப் பலகையில் குழி எடுத்தால் கோடைக்குள் குழி வேறு அளவு ஆகிவிடும். உலர்ந்த பலகை கிடைத்தால் மறுபேச்சே இல்லை. தேக்கு நிலையோ தலைமுறையாகக் காய்ந்தது. அதனால் நான் தேக்கு கட்சி, ஆனால் குடைந்த தேக்கு. பாடியின் முன்பக்கம் பிளாஸ்டிக் தட்டு மூடுகிற இடத்தில், சென்டர் லைனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் விட்டு, பெரிய பிட்டால் வரிசையாகக் குழி எடுத்துவிடுங்க. தட்டு மூடிவிடும், எடை இறங்கிவிடும். நெக் குழிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே மட்டும் கை வைக்காதீங்க.

சாமில்லுக்குக் கொண்டுபோகும் முன்பு சட்டம் முழுக்கக் காந்தத்தை ஓட்டிப் பாருங்க. பழைய நிலையில் கீல் ஆணி, தோரண ஆணி எதுவாவது முறிந்து உள்ளே கிடக்கும், பிளேடு பல் போனால் மில்காரர் உங்களிடம்தான் கேட்பார். பலாமரத்தார் சொன்ன எண்ணெய்ப் பசை நிஜம்தான், ஆனால் அதற்காகத் தேக்கை ஒதுக்க வேண்டியதில்லை. ஒட்டுகிற முகத்தைப் புதிதாக இழைத்த கையோடு தின்னரால் துடைத்துவிட்டு ஒட்டினால் பிடிக்கும். இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க, இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் இழைக்க வேண்டும் என்று அர்த்தம், ஃபெவிகாலை அப்பி இடுக்கை அடைக்கலாம் என்று நினைக்காதீங்க.

சிஎன்சி_பீளமேடு

குடைந்துவிட்டு நாதம் மாறிவிட்டது என்று பலாமரத்தார் வருவார் பாருங்க.

ஒரு விஷயத்தில் நான் சண்டை போடவில்லை. பிரிட்ஜுக்கு அடியிலிருந்து கன்ட்ரோல் குழி (வால்யூம், டோன் குமிழ்கள் இருக்கும் இடம்) வரைக்கும் எர்த் ஒயருக்கு ஒரு சாய்ந்த துளை வேண்டும். பிரிட்ஜை முடுக்குவதற்கு முன்பே, நீளமான பிட்டால் துளைத்துவிடுங்க. அதை விட்டுவிட்டால் தந்தியைத் தொட்டாலும் ஸ்பீக்கர் உம்மென்று கத்துவது அடங்காது. நோம்பி மேடை ஜெனரேட்டரில் எர்த்தே சரியாக இல்லை என்றால் அது வேறு கதை, மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும், அதற்கு ஒலிபெருக்கிக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்.

கோபி_பாஸ்காரன்

சரிங்க, குடைந்த தேக்கு, நீண்ட கொம்பு என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் குழுவில் ரூட்டர் வேண்டும் என்றவர் இன்னும் ஒரு காரணமும் சொல்லவில்லை, வேகமாக முடியும் என்பதைத் தவிர. எனக்கு அவசரம் இல்லை, மாசிக்குப் பிறகுதான் கச்சேரி சீசன். நெக் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு சந்தேகம்: பாடித் துளையிலும் மரை பிடிக்க வேண்டுமா?

கணபதி_பேட்டர்ன்

வேண்டாம். பாடியில் ஸ்க்ரூ தாராளமாக நுழைந்து போகட்டும், நெக்கில் மட்டும் மரை பிடிக்கட்டும். இரண்டிலும் பிடித்தால் நடுவில் ஒரு இடைவெளி அப்படியே நின்றுவிடும், எவ்வளவு முறுக்கினாலும் நெக் குழியோடு ஒட்டாது. ஸ்க்ரூவில் மெழுகு தேய்த்து முடுக்குங்க.

பலாமரத்தான்

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தேக்கில் செய்து முடிங்க. என் பலாப் பலகையில் அதே நெக்கை, அதே பிக்கப்பை மாட்டி வாசிப்போம், பீளமேட்டுத் தம்பி திரும்பி உட்கார்ந்துகொண்டு எது எது என்று சொல்லட்டும்.

சிஎன்சி_பீளமேடு

வருகிறேன். பலகையைக் கொடுத்து அனுப்புங்க, குழியை நானே மெஷினில் வெட்டித் தருகிறேன்.

கணபதி_பேட்டர்ன்

அதெல்லாம் செல்லாது. இரண்டுக்கும் உளிதான்.

நாலுதந்தி_திருப்பூர்

எடைபோட ஒரு தராசும் கொண்டு வாங்க.