இன்கிரீடியன்ட் ஃபீடருக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1: கிளிநொச்சியிலிருந்து

குழுமத்து அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துக் குளிர்களி (ஐஸ்கிரீம்) தொழிலகம் ஒன்றுக்காக, மெஷினில் நிற்கும் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி ஒரு கைநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உறைவிப்பான், கலவைத் தொட்டி, நிரப்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு சொல் கிடைத்துவிட்டது. இன்கிரீடியன்ட் ஃபீடரில் வந்து மாட்டிக்கொண்டேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடர் உறைவிப்பானை விட்டு வெளியே வரும்போது குளிர்களி ஏறக்குறைய −5, −6 பாகை செல்சியஸில் குழைந்த பதத்தில் இருக்கும். அது குழாய் வழியாக நிரப்பிக்குப் போகும் பாதையின் நடுவில்தான் இந்த மெஷின் நிற்கிறது. மேலே ஒரு தொட்டி. அதற்குள் கஜு (முந்திரிப்பருப்பு), கச்சான் (நிலக்கடலை), முந்திரிகை வற்றல் (உலர்திராட்சை), சொக்லேட் துண்டுகள் என்று கொட்டுவார்கள். அடியில் உள்ள திருகுத்தண்டு அவற்றைச் சுழலிக்குத் தள்ளும். சுழலியில் தகடு போன்ற அலகுகளுக்கிடையே சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையும் நிரம்பி, திரும்பி, ஓடிக்கொண்டிருக்கும் குளிர்களிக்குள் தன் பங்கை விடும். பிறகு ஒரு கலப்பி எல்லாவற்றையும் சீராகப் பரப்பிவிடும்.

‘உட்பொருள் ஊட்டி’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். மனத்துக்கு ஒட்டவில்லை. உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

மடல் 2: வவுனியாவிலிருந்து

தங்கச்சி, அந்தச் சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நான் இந்த மெஷினோடு சில வருடம் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். குளிர்களியின் உட்பொருள் என்றால் பால், சீனி, பால்மா, கொழுப்பு, நிலைப்படுத்தி. இதெல்லாம் பாஸ்டரைஸ் பண்ண முன்பே கலவைத் தொட்டிக்குள் போய்விடும். ‘உட்பொருள் ஊட்டி’ என்று எழுதினால், வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளை சீனிச் சாக்கை அதற்குள் கவிழ்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

ஃப்ரூட் ஃபீடர் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. அதை வைத்து ‘பழ ஊட்டி’ என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: புதுப் பழம்தான் இந்த மெஷினோடு ஒத்துப்போகாத சாமான். பழத்தில் பெரும்பங்கு தண்ணீர். கடினப்படுத்தும் அறைக்குள் போனதும் கல்லாக உறைந்து பல்லை உடைக்கும். அதனால் சீனிப்பாகில் ஊறவைத்து, நன்றாக வடித்துத்தான் போட வேண்டும். பாகில் ஊறிய பப்பாசித் துண்டும் முந்திரிகை வற்றலும் அப்படி உறைவதில்லை, அவற்றிலுள்ள சீனி விடாது. பாலைப்பழம் போடலாமா என்று முதலாளி கட்டாயம் கேட்பார். ஆனி மாதத்தில் பாலைப்பழம் தின்ற வாய் எப்படி ஒட்டும் என்று வன்னிப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பால் திருகுத்தண்டில் ஏறினால் அன்றைக்கு வேலை முடிந்தது. சரி, காய்ச்சிப் பாலைப்பாணியாக, அதாவது பாகாக, ஊற்றலாம் என்றால் அதுவும் இதில் நடக்காது. பாணி அலகு இடுக்குகளால் கசிந்துவிடும். அளந்து வராது. அதற்கென்று தனிப் பம்பி வேண்டும்.

ஆகவே சொல்லில் ‘துண்டு’ வந்தே ஆகவேண்டும். என் தெரிவு ‘துண்டூட்டி’.

கைநூலுக்கு உதவுமென்று இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். மணிக்கு 600 லீற்றர் குளிர்களி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றேற்றம் 100 வீதம், அதாவது கலவையின் அளவுக்குச் சமமாகக் காற்று சேர்கிறது என்றால் ஒரு லீற்றர் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும், அதாவது மணிக்குச் சுமார் 330 கிலோ. அதற்குப் பத்துக்கு ஒரு பங்கு கச்சான் சேர்க்க மணிக்கு 33 கிலோ வேண்டும். வினாடிக்கு 9 கிராம். இதை மணிக்கணக்காக, கூடாமல் குறையாமல், கையால் போட எவராலும் முடியாது. மெஷினின் முழுப் பெறுமதியும் அந்த 9 கிராமில்தான் இருக்கிறது. ஆனால் உறைவிப்பானின் வேகத்தை மாற்றிவிட்டு இதன் வேகத்தை மாற்ற மறந்தால் கணக்குப் பிழைத்துவிடும். மிகக் குறைவாக ஓட்டினாலும் சரிவராது. ஒரு கப்பில் நாலு கஜு, அடுத்ததில் ஒன்றுமில்லை என்று வரும்.

சுழலி அறையைவிடப் பெரிய துண்டு போட்டால் அலகு வெட்டிவிடும். முழுக் கஜு போட்டவர் பாதிக் கஜு விற்பார். பிஸ்கட் பாதி வழியிலேயே மாவாகி, வெள்ளை வனிலாவைச் சாம்பல் நிறமாக்கும். முந்திரிகை வற்றல் ஒன்றோடொன்று ஒட்டித் தொட்டிக்குள் வளைவாக நின்றுவிடும். கீழே திருகுத்தண்டு வெறுமனே சுற்றும். மோட்டர் சத்தம் கேட்பதால் எல்லாம் சரி என்று பிள்ளைகள் நினைப்பார்கள், பெட்டி பெட்டியாக வெறும் குளிர்களி போய்க்கொண்டிருக்கும். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள், கொட்டை எழுத்தில். எட்டிப் பார்க்கத்தான், கை வைக்க அல்ல.

எங்கள் வெயிலில் சொக்லேட் துண்டை வெளியே வைத்தால் கட்டியாகிவிடும். வறுத்த கச்சானைச் சூட்டோடு கொட்டினால் அதைச் சுற்றிக் குளிர்களி உருகி, மறுபடி உறையும்போது பெரிய பனித்துகளாகி நறநறக்கும். போடுவதை எல்லாம் முதலில் குளிர வைக்க வேண்டும். நிரப்பி திடீரென்று நின்றால் குழாயில் அழுத்தம் ஏறும். தேய்ந்த அலகு என்றால் குளிர்களி மேலே தொட்டிக்குள்ளேயே ஏறி வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் சுத்தம். இதற்குள் போடுவது எதுவும் பாஸ்டரைஸ் ஆகப்போவதில்லை. கச்சானில் இருக்கும் கிருமி நேரே கப்புக்குள் போகும். கச்சான் ஓட்டிவிட்டு அதே குழாயில் வனிலா ஓட்டுவதானால் சுழலியைக் கழற்றி, ஒவ்வொரு அலகாகக் கழுவ வேண்டும். கச்சான் ஒவ்வாத ஒரு பிள்ளைக்கு ஒரு சின்னத் துகள் போதும், உயிருக்கே ஆபத்து.

ஒரு தடவைக்கு 20 லீற்றர் எடுக்கும் தொகுதி உறைவிப்பான் வைத்திருப்பவர்கள் இந்த மெஷினின் பக்கமே போகத் தேவையில்லை. குளிர்களி வழிந்து வரும்போது அகப்பையால் தூவிக் கிளறினால் போதும். விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார்.

மடல் 3: முல்லைத்தீவிலிருந்து

அண்ணையின் விளக்கம் அருமை. சீனிப்பாகில் இறுக்கிய கச்சான் அல்வாவை இடித்துப் போட்டால் என்ன என்று வாசிக்கும்போதே யோசித்தேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் குளிர்களி வானும் கச்சான் கடையும் பக்கத்துப் பக்கத்தில்தானே நிற்கின்றன.

சொல்லுக்கு வருகிறேன். ‘துண்டு’ என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குத் தோளில் போடும் துவாய் நினைவுக்கு வரும். அதோடு துண்டு என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. மரக்குற்றியும் துண்டு, காணியும் துண்டு. அண்ணை சொன்னபடி அளவுதான் முக்கியம் என்றால் எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் ‘துணிக்கை’ இருக்கிறது. ‘துணிக்கையூட்டி’ என்று வைத்தால் என்ன?

‘ஊட்டி’யிலும் எனக்கு ஒரு தயக்கம். எழுத்தில் பார்த்தால் நீலகிரி மலைதான் தெரிகிறது. உரமிடுகிறோம், இடுபொருள் என்கிறோம். ‘துண்டிடு பொறி’ என்றும் யோசிக்கலாம்.

மடல் 4: வவுனியாவிலிருந்து

ரீச்சர், ‘துண்டிடு’ என்றால் துண்டு போடும், அதாவது வெட்டும் மெஷின் என்றுதான் பிள்ளைகள் எடுப்பார்கள். வெட்டுவது இந்த மெஷினின் நோய். அதையே பெயராக வைக்கலாமா?

துணிக்கை மிகச் சிறியது. பாடநூலில் அது அணு வரைக்கும் போகிறது. கச்சானைச் சலித்துத் தூளை நீக்கிவிட்டுப் போடுங்கள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, மெஷினுக்குத் ‘துணிக்கையூட்டி’ என்று பெயர் வைப்பது பொருந்தாது. துண்டுக்கும் துணிக்கைக்கும் நடுவில் ‘துணுக்கு’ இருக்கிறதே. பத்திரிகைக்காரர் அதைப் பகிடிக்கு எடுத்துக்கொண்டாலும் சொல் செத்துவிடவில்லை. கடிபடும் அளவு, ஆனால் வாய்க்குள் அடங்கும் அளவு.

‘ஊட்டி’யை நான் விடமாட்டேன். ‘இடு’ என்றால் மேலே தூவுவதும் ஆகும். இது தூவுவதில்லை, குழாயின் அழுத்தத்தை எதிர்த்து, அறை அறையாக அளந்து உள்ளே திணிக்கிறது. சோறு வேண்டாமென்று முகத்தைத் திருப்பும் பிள்ளைக்குக் கவளம் கவளமாக ஊட்டுகிற அதே வேலை. நீலகிரி பிரச்சினை தனிச் சொல்லில்தான். ‘துணுக்கூட்டி’ என்று சேர்த்து எழுதினால் மலை மறைந்துவிடும்.

கச்சான் அல்வா ஓடும். ஆனால் சீனிப்பாகு ஈரத்தை இழுத்து, கடைக்குப் போவதற்குள் சவசவத்துவிடும். மெல்லிய கொழுப்புப் பூச்சு கொடுத்தால் சில வாரம் மொறுமொறுப்பு நிற்கும்.

மடல் 5: கிளிநொச்சியிலிருந்து

அண்ணா, ரீச்சர், இருவருக்கும் நன்றி. ‘துணுக்கூட்டி’ என்றே எழுதப்போகிறேன். துணுக்கூட்டித் தொட்டி, துணுக்கூட்டிச் சுழலி என்று மற்றச் சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன. பிள்ளைகள் வாயில் அது ‘ஃபீடர்’தான், அதை மாற்ற எனக்கு ஆசையும் இல்லை. முதல் தடவை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு தமிழோடு போகிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இங்கே வந்திருக்கும் தமிழ்நாட்டுச் செய்முறைத் தாளில் ‘முந்திரி 8 சதவீதம்’ என்று இருக்கிறது. அவர்களுக்கு அது கஜு. எங்கள் பிள்ளைகள் முந்திரிகை வற்றலைக் கொட்டிவிட்டு நிற்பார்கள். அதனால் கைநூல் முழுக்கக் ‘கஜு’, ‘வற்றல்’ என்றே வைக்கிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

அண்ணா சொன்ன பாணிப் பம்பி அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. குளிர்களிக்குள் பாகை வரி வரியாக விடும் அந்த மெஷினுக்கு ‘வரிப்பாகுப் பம்பி’ என்று எழுதியிருக்கிறேன். ‘வரி’ என்றதும் முதலாளிக்கு வேறு வரி ஞாபகம் வருமோ என்று யோசனை. யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?