‘அலஸொனெயா’வா, ‘அலஸொனியா’வா?

வேர்ச்சொல்: 1 யோவான் 2:16-ல் ‘ஜீவனத்தின் பெருமை’ன்னு வருதே, அந்தப் ‘பெருமை’க்குக் கிரேக்க மூலம் ‘அலஸொனியா’தான், ‘அலஸொனெயா’ன்னு எழுதுறது பிழைன்னு நேத்து இங்கே ஒருத்தர் தீர்ப்பே எழுதிட்டார். எது பிழை? ‘பைதெவுஓ’ (கற்பி)ங்கிற வினையிலிருந்து ‘பைதெயா’ (கல்வி). அதே மாதிரி ‘அலஸொனெவுஒமாய்’ (பீற்றிக்கொள்) வினையிலிருந்து ‘அலஸொனெயா’. நடுவுல இருக்கிற ‘எ’ எங்கே போச்சு?

ஏட்டுக்காரன்: அந்த ஒருத்தர் நான்தான். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1881 வெஸ்ட்காட்–ஹார்ட் பதிப்பைப் புரட்டிப் பாருங்க, ‘அலஸொனியா’ன்னுதான் அச்சாகியிருக்கு. ‘எவுதைமோன்’ (நல்வாழ்வு பெற்றவன்) → ‘எவுதைமொனியா’ன்னா ‘அலஸோன்’ (பீற்றுறவன்) → ‘அலஸொனியா’. அவ்வளவுதான்.

வேர்ச்சொல்: ‘எவுதைமோன்’ உதவாது ஐயா. அதன் வினை ‘எவுதைமொனெஓ’. அதன் முன்னால வர்ற ‘எவு’ வேற, கடைசியில ‘எவு’ விகுதியே இல்லை. ரோமர் காலத்துல கிரேக்கத்தில் ‘எய்’, ‘இ’ இரண்டும் ஒரே ஒலியாகிப் போச்சு. நம்மாட்கள் ண, ன மாத்தி எழுதுற மாதிரி காதுல விழுந்ததை எழுதினாங்க. இன்னைக்கு அறிஞர்கள் பயன்படுத்துற நெஸ்லே–ஆலந்து கிரேக்கப் பதிப்புல ‘எ’ இருக்கு.

நெய்தல்: ஒரு எழுத்துக்கு இவ்வளவு சண்டையா! பொருளைப் பேசுங்க. அரிஸ்டாட்டில் அறவியல் நூலின் 4-ஆம் புத்தகத்தில், இல்லாத சிறப்பை இருக்குன்னு காட்டுறவன் அலஸோன். இருக்கிறதையும் குறைச்சுச் சொல்றவன் எய்ரோன். உண்மை பேசுறவன் நடுவில். அவருடைய மாணவர் தியோஃப்ராஸ்டஸ் தன் நூலில் காட்டும் அலஸோன் வாடகை வீட்டில் இருந்துக்கிட்டு, ‘பரம்பரை வீடு, விருந்தாளிகளுக்கு இடம் பத்தலை, விக்கப்போறேன்’னு அளப்பான்.

வேர்ச்சொல்: தியோஃப்ராஸ்டஸ் நூல்ல அந்த ஆளைப் பத்தின அத்தியாயத் தலைப்பே ‘அலஸொனெயா’தானே! ‘எ’ இருக்கா இல்லையா?

ஏட்டுக்காரன்: அச்சுப் புத்தகத்தைக் காட்டாதீங்க. சுவடியைக் காட்டுங்க.

வேர்ச்சொல்: முதல்ல அச்சைக் காட்டினது யாரு?

கடலோடி: ஏட்டுக்காரர் ‘ஹூப்ரிஸ்’ இழையிலயும் இப்படித்தான். அடுத்தவனை அவமானப்படுத்துற வெறியும் வெறும் பீற்றலும் ஒண்ணுன்னு கடைசிவரை சாதிச்சார்.

ஏட்டுக்காரன்: அதை ஏன் இங்கே இழுக்குறீங்க? ரோம நாடகாசிரியர் பிளௌட்டஸோட ஒரு நாடகத்துக்குக் கிரேக்கப் பேர் ‘அலஸோன்’னு நான் சொன்னப்ப, கூகுள்ல தேடிட்டு வந்தவர்தானே நீங்க?

கடலோடி: தேடினது தப்பா? தேடாம பேசுறதுதான் தப்பு.

வேர்ச்சொல்: பேச்சை மாத்தாதீங்க. யாக்கோபு 4:16-ல் ‘வீம்புகளில்’னு பன்மையா வர்றதும் இதே சொல்தான், நெஸ்லே–ஆலந்துல அங்கேயும் ‘எ’ இருக்கு.

ஏட்டுக்காரன்: வெஸ்ட்காட்–ஹார்ட்ல அங்கேயும் இல்லை.

வேர்ச்சொல்: வினை என்ன ஐயா? வினையைச் சொல்லுங்க, அப்புறம் பதிப்பைப் பேசலாம்.