ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுந்தவனை ஆண்டவர் இன்னும் ஏற்றுக்கொள்வாரா?

கேள்வி (கடைசிபெஞ்ச்):
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டில் சொல்ல முடியாததால் இங்கே கேட்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு, அம்மா பீரோவில் வைத்திருந்த மூன்று சவரன் சங்கிலியை எடுத்து அடகு வைத்தேன். மீட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கிப்போய்விட்டது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காதான் எடுத்திருப்பார் என்று அம்மா அவரை நிறுத்திவிட்டார், நான் பக்கத்திலேயே நின்றும் வாய் திறக்கவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை அழுது, இனிமேல் தொடமாட்டேன் ஆண்டவரே என்று ஜெபித்துவிட்டு, சம்பளம் வந்த அன்றே மறுபடி விளையாடியிருக்கிறேன். இப்போது நான்கு மாதமாகத் தொடவில்லை. ஆனாலும் திருவிருந்து ஞாயிறில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போகும்போது நான் வெளியே பைக் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுகிறேன். பைபிளில் எபிரெயர் 10:26 வாசித்ததிலிருந்து தூக்கமே இல்லை. சத்தியத்தை அறிந்த பிறகும் மனப்பூர்வமாய்ப் பாவம் செய்தால் இனி வேறொரு பலி இல்லை என்கிறதே, அது நான்தானே?

பதில் (ஓய்வுநாள் பள்ளி டீச்சர்):
தம்பி, 26-ல் நிறுத்தாமல் 29 வரை வாசியுங்கள். தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதிக்கிறவனைப் பற்றி அங்கே பேச்சு. உபத்திரவம் தாங்காமல், கிறிஸ்துவே வேண்டாம் என்று பின்வாங்கப் பார்த்தவர்களுக்கு எழுதின நிருபம் அது. தூக்கம் வராமல் அவரைத் தேடுகிறவனை விரட்ட எழுதினது இல்லை.

லூக்கா 15-ல் அப்பாவின் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டுபோய் அழித்த மகனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் எனக்கு அந்த இடத்தில் இன்னும் குரல் உடைகிறது. இளைய மகன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்கிறான், அதில் கடைசி வரி, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. ஆனால் 21, 22 வசனங்களைப் பாருங்கள், அந்த வரியைச் சொல்ல அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை, அதற்குள் அப்பா வஸ்திரம் கொண்டுவாருங்கள், மோதிரம் போடுங்கள், பாதரட்சை போடுங்கள் என்று வேலைக்காரரிடம் பேச ஆரம்பித்துவிடுகிறார். அதுவும் மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட பிறகு. நீங்கள் பைக் பக்கம் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிற வரியை அவர் கேட்கக்கூடப் போவதில்லை தம்பி.

பதில் (கெனேசரேத்து):
டீச்சர் சொன்னதுக்கு மேலே ஒன்று. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான் (மத்தேயு 27:3), அதற்கு வாங்கின 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைகழுவிவிட்டார்கள். சீஷனான பேதுருவோ இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தும் ஆண்டவர் இருக்கிற கரைக்கே நீந்திப் போனான். யோவான் 18-ல் அவன் மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரிநெருப்பில், 21-ல் இயேசு மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பில்தான். அந்த வாசனை அவனுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கேயே வைத்து மூன்று தடவை, நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்டு, மூன்று தடவையும் தன் ஆடுகளை அவனிடமே ஒப்படைக்கிறார்.

பதில் (ஞாயிறு பூசை):
நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு என் கணக்கு முழுவதையும் கொட்டிவிட்டு எழுந்த அன்றைக்கு எனக்கு உடம்பே லேசாகிவிட்டது, கடவுள் மன்னிக்கிறாரா என்ற சந்தேகம் அதோடு போயிற்று. ஆனால் திருடினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒருவருடைய பெயரைக் கெடுத்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும் என்று எங்கள் திருச்சபை தெளிவாகச் சொல்கிறது.

உங்கள் கேள்வி முழுக்க எபிரெயரைப் பற்றியும் திருவிருந்தைப் பற்றியும் இருக்கிறது, அந்த அக்கா இரண்டே வரியில் வந்து போய்விட்டார். எனக்கு அவர்தான் கண்ணுக்குள் நிற்கிறார். இரண்டு வருடமாக உங்கள் பாவத்தை அவர் சுமக்கிறார், அந்தத் தெருவில் வேறு யாராவது அவரை வேலைக்குச் சேர்த்தார்களா என்றாவது தெரியுமா? பைபிளில் வரி வசூலிக்கிற சகேயு என்ன செய்தான்? இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான், அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். மன்னிப்பு முதலில் வந்தது, கொடுக்கிற தைரியம் அதிலிருந்து வந்தது. அந்தத் தைரியத்தைக் கேட்டு ஜெபியுங்கள்.

கடைசிபெஞ்ச்:
நேற்று ராத்திரி இதையெல்லாம் மூன்று தடவை வாசித்தேன். கடைசிப் பதில் குத்தியது, குத்தவேண்டியதுதான். ஆண்டவர் என்னைத் தள்ளிவிடுவார் என்று பயந்து பயந்து, நான் தள்ளிவிட்ட ஆளை நினைக்கவே இல்லை.

இன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை, முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "அவ வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், நானும் வர்றேன்" என்றார். சாயங்காலம் போகிறோம். அவர் கதவைச் சாத்தினாலும் அது அவருடைய நியாயம். எங்களுக்காக ஜெபியுங்கள், அவருக்காகவும்.