நகரத் திட்டத்தில் 'விரும்பினால் சேர்க்கும்' பகுதிகள்: யாராவது உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கத்தில் எங்கள் சனசமூக நிலையத்தில், நகரத் திட்டத்துக்குக் கருத்து எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவாகி, அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் கணக்காளன், திட்டமிடல் படித்தவன் இல்லை.

தேடியதில் கலிபோர்னியாவின் முறை கண்ணில் பட்டது. அங்கே நகரத் திட்ட ஆவணத்தில் நிலப் பயன்பாடு, போக்குவரத்து, வீடமைப்பு, இயற்கை வளப் பாதுகாப்பு, திறந்தவெளி, இரைச்சல், பாதுகாப்பு என 7 பகுதிகள், அதாவது அத்தியாயங்கள், எல்லா நகரங்களுக்கும் கட்டாயம். அதற்கு மேல் மரபுரிமை, பொருளாதாரம், பூங்கா என்று ஊர் விரும்பியதைச் சேர்க்கலாம். சேர்த்து நிறைவேற்றிவிட்டால் கட்டாயப் பகுதிக்குள்ள அதே சட்ட வலு அதற்கும் உண்டாம். அதுதான் எனக்குப் பிடித்தது. அழகுக்காக ஒட்டிவைக்கும் அத்தியாயம் இல்லை.

எங்களுக்கென்றால் முதலில் நிலத்தடி நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி, குளங்கள், வெள்ளவாய்க்கால் எல்லாம் ஒரே பகுதியில் வரவேண்டும் என்பது என் எண்ணம். அடுத்தது மந்திரிமனை போன்ற பழைய கட்டடங்கள். சைக்கிள் பாதையும் கேட்கலாம், ஆனால் எங்கள் ஒழுங்கைகளின் அகலம் தெரியும்தானே!

இலங்கையின் நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தில் இப்படித் தனிப் பகுதி கேட்க முடியுமா? எந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும்? திட்டமிடல் படித்த அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள். தமிழில் மாதிரிக் கடிதம் இருந்தால் இன்னும் நல்லது.