இதய வால்வு சுருக்கத்தோடு கர்ப்பம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கைக்கு இப்போது 26 வாரம். இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது கர்ப்பத்தில்தான் தெரிய வந்தது. கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும், சுருங்கிய வால்வு அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். பிரசவம் முடிந்த முதல் சில நாட்களும் ஆபத்தானவையாம். குழந்தை பிறந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றே நான் நினைத்திருந்தேன்.

மாத்திரை, எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வீட்டில்தான் தடுமாறுகிறோம். நேற்று இரவு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினாள்; உடனே டாக்டரைப் பார்த்துவிட்டோம். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: சாதாரண மூச்சிரைப்பையும் இதயத்தால் வருவதையும் எப்படிப் பிரித்தறிந்தீர்கள்? அப்புறம், செவிலியர்கள் யாராவது இருந்தால், பிரசவத்துக்குப் பின் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதுங்கள். அவள் பயத்தை வெளியே காட்டுவதே இல்லை.