தினம் நாலு முழு முட்டை: தொடரலாமா?

வணக்கம். வயது 41. வாரத்தில் ஐந்து நாள் காலையில் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். வந்ததும் நாலு அவித்த முட்டை, மஞ்சள் கருவோடு. இரண்டு வருடப் பழக்கம்.

போன வாரம் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 148. சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) சரியாகவே இருக்கின்றன. அம்மா உடனே "மஞ்சளைத் தூக்கிப் போடுடா" என்று ஆரம்பித்துவிட்டார். ஜிம் மாஸ்டரோ முழுசாகச் சாப்பிடு என்கிறார்.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், முழுவதும் மஞ்சளில்தான். ஆனால் வைட்டமின் டி, கோலின், 6 கிராம் புரதத்தில் ஏறக்குறைய பாதி, இவையும் அங்கேதான். அமெரிக்க உணவு வழிகாட்டுதலில் இருந்த, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பைக்கூட 2015-2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மட்டன், தேங்காய் போன்றவற்றில் இருக்கும் நிறைகொழுப்புதான் (saturated fat) எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றும் என்றும் படித்தேன். அப்படியானால் குற்றவாளி முட்டையா, ஞாயிற்றுக்கிழமை மட்டனும் தினசரி தேங்காய்ச் சட்னியுமா? (சட்னியை விடச் சொன்னால் கொஞ்சம் கஷ்டம்தான்.)

என்னைப் போல ஓடுபவர்கள், எல்.டி.எல். ஏறிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். மஞ்சளைக் குறைத்தீர்களா? எத்தனை மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தீர்கள், எண் இறங்கியதா? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். அவரிடம் குறிப்பாக என்ன கேட்கலாம் என்பதையும் சொன்னால் நல்லது.