14 வருஷத்துக்கு அப்புறம் பாவசங்கீர்த்தனம்: எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கடலோரத்தான்:
சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இப்போ சென்னை. அடுத்த மாசம் அக்கா மகளுக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தகப்பன். "ஒழுங்கா பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கிட்டு வந்து நில்லுடா"ன்னு அக்கா சொல்லிட்டா. அதாவது, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கிட்டு, பூசையில நற்கருணை அப்பம் வாங்கணும்.

நான் கடைசியா முழங்கால் போட்டு 14 வருஷம் ஆச்சு. சின்ன வயசுல பயமே கிடையாது. முதல் தடவை நன்மை வாங்கின புதுநன்மைக்கு முந்தின நாள் வரிசையில நிக்கும்போது சொல்ல ஒண்ணும் தோணாம, முன்னாடி நின்னவனோட பாவத்தையே வாங்கி நானும் சொன்னேன்: "பாட்டி பெட்டியிலேருந்து அஞ்சு ரூபா எடுத்தேன் சாமி." எங்க பாட்டிகிட்ட பெட்டியே கிடையாது.

இப்போ நிஜமாவே ஒண்ணு இருக்கு. 2019-ல அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவை நானும் அக்காவும் பாதிப்பாதி போட்டோம். பில் கட்டினது நான். அக்கா பங்குல 40 ஆயிரம் கூட்டிச் சொல்லி வாங்கிட்டேன். அப்போ வேலை இல்லை, அது இதுன்னு காரணம் சொல்லலாம். வாங்கினது வாங்கினதுதான்.

பாவத்துக்கு வருத்தப்பட்டுச் சொல்ற மனஸ்தாப மந்திரம் "சர்வேசுரா சுவாமி"க்கு மேல ஞாபகம் வரலை. எங்க கோயில் பங்குச் சாமியாருக்கு என் குரல் நல்லாத் தெரியும். வேற கோயிலுக்குப் போகலாமா? அந்தப் பணத்தை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சொன்னா செல்லுமா?

பழைய பீடச்சிறுவன்:
எந்தக் கோயிலுக்கும் போகலாம். பாவசங்கீர்த்தனம் கேட்க அதிகாரம் உள்ள எந்தக் குருகிட்டயும் போற உரிமை 1983 திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கு (விதி 991). வருஷத்துக்கு ஒரு தடவையாவது பண்ணணும்னு 1215-ல ஆயர்கள் கூடின லாத்தரன் சங்கம் வச்ச விதி இன்னிக்கும் உண்டு, 14 தடவை தவறிட்டீங்க, அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. மந்திரம் வரலைன்னா சொந்த வார்த்தையில சொன்னாலும் போதும்.

பணத்தை விட்டுட்டுன்னா செல்லாது. மறந்துபோன பாவம் வேற, தெரிஞ்சே மறைக்கிறது வேற. வெளிய வந்துடுமோன்னு பயப்படாதீங்க. கேட்டதை வெளிய சொல்ற சாமியார் அந்த நிமிஷமே திருச்சபைக்கு வெளிய.

மணப்பாட்டுக்காரி:
தம்பி, சாமி "திருப்பிக் கொடு"ன்னுதான் சொல்வாரு. மூணு பிரியதத்தம், அதான் மாதா ஜெபம், சொல்லிட்டு எழும்பி வந்துர்ற காரியம் இல்ல இது.

குரலுக்குப் பயந்து நான் பட்டதைச் சொல்றேன். தவக்காலத்துல எங்க ஊருக்கு வெளியூர்ச் சாமிமார் நாலஞ்சு பேரு வந்து உக்காருவாங்க. காது மந்தமான வயசான சாமிகிட்டதான் வரிசை நீளம். நானும் கெட்டிக்காரத்தனமா அங்கே போய் நின்னேன். "கேக்கலம்மா, சத்தமாச் சொல்லு"ன்னாரு. மாமியாரைப் பத்தி நான் சொன்னதை வரிசை முழுக்கக் கேட்டுச்சு. மாமியார் ஆறாவது ஆளா நின்னாங்க.

சும்மா ஒரு வாசகன்:
நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. தப்பா நினைக்காதீங்க, கடவுள்கிட்ட நேராச் சொன்னாப் போதாதா? நடுவுல ஒரு மனுஷன் எதுக்கு?

மணப்பாட்டுக்காரி:
2019-லேருந்து தம்பி நேராத்தானே சொல்லிக்கிட்டு இருக்கு. பணம் போய்ச் சேந்துச்சா?

பழைய பீடச்சிறுவன்:
பாவத்தை மன்னிக்கிற அதிகாரத்தை இயேசு சீடர்களுக்குக் கொடுக்கிற யோவான் 20:23 பத்தி விவாதம்னா தனி இழை தொடங்குங்க. இங்க வேண்டாம்.

கடலோரத்தான்:
போயிட்டு வந்துட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், வேற பங்கு. எனக்கு முன்னாடி ஒரு ஸ்கூல் பையன், ஒரு நிமிஷத்துல எழுந்து ஓடிட்டான். "14 வருஷம் ஆச்சு சாமி"ன்னேன். திட்டுவார்னு பார்த்தேன், "வாங்க"ன்னார். மத்ததெல்லாம் வேகமா வந்துடுச்சு. 40 ஆயிரம்னு சொல்ற இடத்துல தொண்டை அடைச்சுது, தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் பேசாம உக்காந்திருந்தார். ஃபேன் சத்தம் மட்டும்தான். சொன்னேன்.

"இப்போ கொடுக்க முடியுமா?"
"முடியும்."
"அப்போ கொடுத்துடுங்க. எதுக்குன்னு சொல்லியே ஆகணும்னு இல்லை."

பாவத்துக்குப் பரிகாரமா அவர் சொன்ன அபராதம், பைபிள்ல திருப்பாடல் 51 சொல்றது. மந்திரம் பாதியில நின்னப்போ அவரே எடுத்துக் கொடுத்தார்.

வெளிய வந்து பைக் மேல உக்காந்தே அக்காவுக்கு ஜிபே பண்ணினேன். ரெண்டு நிமிஷத்துல போன். "எதுக்குடா இவ்ளோ?" வாயில வந்தது, "பாப்பாவுக்கு ஒரு செயின் எடு." அக்கா அழுதுட்டா, ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருக்கா. வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது, அவ காசை எடுத்து அவளுக்கே மொய் வச்சிருக்கேன். இதுக்கும் வரிசையில நிக்கணுமா?

மணப்பாட்டுக்காரி:
நில்லு. இந்தத் தடவை "ஒரு வாரம் ஆச்சு சாமி"ன்னு ஆரம்பி.